1200க்கு எவ்வளவு?

பையன் இந்த வருஷம் பிளஸ் டூ. போன வாரம் சாப்பிடும்போது, "நீங்க எவ்ளோப்பா மார்க்கு?"ன்னு கேட்டான். 978ன்னேன். "அறுநூறுக்கா?"ன்னு சிரிக்கிறான்! 1200க்குடான்னு விளக்க ஆரம்பிச்சு, பேச்சு எங்கெங்கேயோ போயிடுச்சு.

என் அப்பா காலத்துல பிளஸ் டூவே கிடையாது மக்களே. பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. ஸ்கூல் அதோட சரி. மேல படிக்கணும்னா காலேஜ்ல சேர்ந்து ஒரு வருஷம் பி.யூ.சி. எங்க ஊர் குடவாசல் பக்கம், காலேஜ்னா கும்பகோணம். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடுன்னு கணக்குப் போட்ட தாத்தா, அப்பாவை வயலுக்கு அனுப்பிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு ஏர் பிடிச்சவர் அவர்.

10+2+3ங்கிற அமைப்பை 1964-66 கோத்தாரி கமிஷன் சொன்னது. தமிழ்நாட்டுல 1978ல அது வந்து, முதல் பிளஸ் டூ பரிட்சை 1980ல நடந்தது. படிக்கிறப்போ ஏதோ ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா எங்க ஊர் மாதிரி இடத்துக்கு அது பெரிய விஷயம். காலேஜ்ல இருந்த ஒரு படி, ஊர் ஸ்கூலுக்கே இறங்கி வந்துடுச்சு.

அதனாலதான் எங்க அக்கா படிச்சது. பொம்பளப் புள்ளைய கும்பகோணம் அனுப்பமாட்டோம்னு சொல்ற வீடு, நடந்து போற தூரத்து ஸ்கூலுக்கு ஒண்ணும் சொல்லலை. 1986ல அக்கா 1012 மார்க். அப்புறம் காலேஜ் பேச்சு வந்தது. மறுபடி அதே கும்பகோணம், அதே பஸ். படிப்பு அங்கயே நின்னுது.

என் முறை 1990-91. ஆறு பாடம், ஒவ்வொண்ணுக்கும் 200. இயற்பியல், வேதியியல்ல 150 எழுத்து, 50 பிராக்டிகல். இன்ஜினியரிங், மெடிக்கலுக்கு 1984ல வந்த நுழைவுத்தேர்வு வேற. எங்க வேதியியல் சார் தினம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஸ்கூல்லயே உக்காந்து சொல்லிக் கொடுப்பார். ஒரு பைசா வாங்கினதில்லை. படம் கோணலா வரைஞ்சா ஒரே வார்த்தைதான்: "உங்க அக்கா ரெக்கார்டு நோட்டைப் பாருடா."

அந்த நோட்டு வீட்டுல பத்திரமா இருந்தது. அக்காவுக்கு அப்ப கல்யாணம் ஆகலை. காலையில நாலு மணிக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுத்து, எதிர்ல உக்காந்து கணக்கு கேக்கும். ரிசல்ட் அன்னிக்கு சாயங்காலப் பேப்பர்ல என் நம்பரை முதல்ல கண்டுபிடிச்சதும் அக்காதான். அக்கா 1012. நான் 978. காலேஜுக்குப் போனது நான்.

அப்புறம் எவ்வளவோ மாறிடுச்சு. நுழைவுத்தேர்வு 2007ல போச்சு. 2019 பிளஸ் டூ பரிட்சையிலேர்ந்து 1200, 600 ஆச்சு. 2021ல கொரோனாவால பரிட்சையே நடக்கலை.

இதையெல்லாம் கேட்டுட்டு பையன் உடனே போன் போட்டான். "அத்தை, 1200க்கு நீங்க எவ்ளோ?"

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு"ன்னது அக்கா. சாப்டியா, குளிச்சியான்னு ஏதேதோ பேசிட்டு, வைக்கப் போறப்ப மெதுவா, "ஆயிரத்துப் பன்னெண்டு. கணக்குல 196"ன்னது.

அந்த வருஷத்துக்கு நன்றி சொல்லணும்னா நான் யாருக்குச் சொல்லணும்னு இப்ப தெரியுது. சாருக்கு அப்பவே சொல்லிட்டேன். அக்காவுக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. இந்த ஞாயிறு ஊருக்குப் போறேன்.