பவளத் தொட்டி: சில்லர் இல்லாமல் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியுமா?

கேமரன் மலை திரிங்காப்பில் வீட்டில் பவளத் தொட்டி வைப்பவருக்கு இரவில் ஹீட்டர் தேவைப்படும். சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கினால், அதே தொட்டியை மதியம் குளிர வைக்க வேண்டியிருக்கும். உப்புநீர்த் தொட்டி வைப்பவர்களில் பலரின் கையைக் கடிப்பது இந்தக் குளிர்ச்சிச் செலவுதான்.

பவளத்துக்கு எவ்வளவு வெப்பம் தாங்கும்?

வீட்டுத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பானது. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் உணவில் பெரும்பகுதியும் நிறமும் அவை தருவதுதான். தண்ணீர் நாள்கணக்கில் 30 டிகிரியைத் தாண்டி நின்றால், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போய்ப் பட்டினி கிடக்கும். 2010இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டதற்கு இந்த வெளிறல்தான் காரணம். கடலைவிடத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் என்பதால் சீக்கிரம் சூடேறும்.

சில்லர் வாங்கியே ஆகணுமா?

சாதாரண வீட்டுத் தொட்டிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. முதலில் சூடு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஜன்னல் வெயில், பழைய வகை விளக்கு, தண்ணீருக்குள் ஓடும் பெரிய பம்பு, இறுக மூடிய கண்ணாடி மூடி, இவைதான் வழக்கமான காரணங்கள். மூடிக்குப் பதிலாக வலை போடலாம். மீனும் வெளியே குதிக்காது.

அடுத்து, நீர்ப்பரப்பின் மீது சாய்வாகக் காற்றடிக்கும் சின்ன மின்விசிறி. இதுவே 2, 3 டிகிரி குறைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. அறைச்சூடு தொடர்ந்து உள்ளே வருவதால் அத்தனையும் நமக்குக் கிடைக்காது. மழைநாளில் காற்றில் ஈரம் ஏறினால் பலன் இன்னும் குறையும்.

பலர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி உப்புநீரையே ஊற்றினால், வெப்பத்துக்குத் தப்பிய பவளம் உப்பு ஏறிச் செத்துப்போகும். தினமும் ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்.

ஐஸ் போட்டால்?

ஒரு கிலோ ஐஸ் 100 லிட்டர் தண்ணீரைச் சுமார் ஒரு டிகிரிதான் குறைக்கும். அவசரத்துக்கு, மூடிய போத்தலில் உறைய வைத்து மிதக்க விடலாம். தினமும் இப்படிச் செய்தால் வெப்பநிலை ஏறி இறங்கும். அந்த ஆட்டம் பவளத்துக்கு ஆகாது.

திரிங்காப் வாசிகளுக்கு?

விளக்கும் பம்பும் சேர்ந்து தண்ணீரை அறையைவிட 2, 3 டிகிரி சூடாக வைக்கும். பகலில் அறை 23 என்றால், செலவே இல்லாமல் தொட்டி 25, 26இல் நிற்கும். மலைவாசம் தரும் சலுகை என்றே சொல்லலாம். விளக்கை அணைத்தபின் கதை வேறு. வெளியே 16, 17க்கு இறங்கும் இரவில் சிறிய தொட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் போதும். மின்விசிறி இருந்தால் அதையும் தானாக நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் இணைக்கவும். இல்லாவிட்டால் ஒன்று குளிர்விக்க, மற்றது சூடாக்க, ராத்திரி முழுக்க மின்சாரம்தான் வீணாகும்.

மின்தடை வந்தால், ஈப்போவானாலும் மலையானாலும், முதலில் தேவை காற்றோட்டம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் மூச்சுக்குத் தவிக்கின்றன என்று அர்த்தம். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.