செம்மரக் கடத்தல்

செம்மரக் கடத்தல் என்பது ஆந்திரப் பிரதேசத்தின் தென்பகுதிக் காடுகளில் செம்மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பும் சட்டவிரோத வணிகம். செஞ்சந்தனம் என்றும், தெலுங்கில் எர்ரசந்தனம் என்றும் அழைக்கப்பட்டாலும் இம்மரத்துக்குச் சந்தன மணம் கிடையாது. இது வேங்கை மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது.

சேசாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா என நீளும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே இதன் இயற்கையான வாழிடம். வறண்ட, பாறைப்பாங்கான சரிவுகளில் மிக மெதுவாக வளரும். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான அதன் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். தமிழ் வீடுகளில் குழந்தைகள் விளையாடிய மரப்பாச்சிப் பொம்மைகள் இதில் கடைந்தவையே. ஆனால் விலையை ஏற்றியது சீனா. மிங், சிங் அரசர் காலத்து அறைக்கலன்களின் மீதான மோகம் அங்கே இன்றும் குறையவில்லை. பெய்ஜிங்கில் செஞ்சந்தனத்துக்கென்றே 1999-இல் ஒரு தனியார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கு இது பயன்படுகிறது. அணு உலைக் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று பரவிய பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

மரத்தை வெட்டியதும் மேல் வெள்ளையைக் காட்டிலேயே செதுக்கிவிட்டு, வைரக்கட்டையை மட்டும் தோளில் சுமந்து இறக்குவார்கள். கிடங்குகளில் சேரும் கட்டைகள் வேறு சரக்கின் பெயரில் கன்டெய்னர்களில் துறைமுகம் ஏறுகின்றன. சென்னைத் துறைமுகப் பகுதியில் இவை பலமுறை பிடிபட்டுள்ளன. காட்டை மொத்தமாக அழிக்கும் வேலையல்ல இது. விதை தரும் முதிர்ந்த மரங்களை மட்டும் பொறுக்கியெடுப்பதால், மேலிருந்து பார்த்தால் காடு பச்சையாகவே தெரியும். சேதத்தை அளப்பது அதனாலேயே கடினம்.

வெட்டும் ஆட்களில் பெரும்பகுதியினர் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, அவற்றின் அடிவார ஊர்களைச் சேர்ந்த தமிழர்கள்; அவர்களில் பழங்குடியினர் பலர். சொந்த ஊரில் கிடைக்காத கூலியைக் காட்டித் தரகர்கள் அழைத்துப் போகிறார்கள். 2013 டிசம்பரில் சேசாசலக் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று கடத்தல் தடுப்புத் தனிப்படையினர் சுட்டதில் 20 தொழிலாளர்கள் இறந்தனர். தங்களைத் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பிடித்துச் சென்று சுட்டதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இதே கடத்தலை நாயகனின் தொழிலாக்கிய 'புஷ்பா' திரைப்படம் 2021-இல் பெரும் வசூல் பார்த்தது.

செம்மரம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை உண்டு. பறிமுதல் செய்த கட்டைகளை மட்டும் அரசு சிறப்பு அனுமதியோடு ஏலம் விடுகிறது. ஆந்திரா 2016-இல் வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-இல் வழி திறக்கப்பட்டது. 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தின்மேல் இருந்த சைட்டிஸ் சிறப்புக் கண்காணிப்பு 2023 நவம்பரில் நீங்கியது. இது உழவர்களுக்கு நல்ல சேதி. ஆனால் கோடரி பிடித்தவனைத் தேடிய அளவுக்குக் கட்டையை வாங்கியவரைச் சட்டம் இன்னும் தேடவில்லை.