ஹஷீஷ்: போதைக்கும் மருந்துக்கும் இடையில்

கஞ்சாச் செடி மேலை மருத்துவத்துள் நுழைந்த வரலாற்றை எழுதுவோர், வில்லியம் ஓ'ஷானெஸ்ஸி என்னும் ஐரிஷ் மருத்துவரிலிருந்தே தொடங்குவது வழக்கம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1839இல் இச்செடி பற்றிய தம் ஆய்வுரையை வெளியிட்டார். அவ்வுரையில் அவரே நன்றியுடன் குறிப்பிடும் துணைவர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. ஹூக்ளி இமாம்பாராவின் முத்தவல்லி சையித் கராமத் அலியும், தெஹ்ரானைச் சேர்ந்த ஹகீம் ஒருவரும், பண்டிதர் கமலகாந்த வித்யாலங்காரும் அவருக்கு உதவினர். கீழைநாட்டு மருத்துவ நூல்களில் காலங்காலமாகப் பேணப்பட்ட அறிவு அவர்கள் துணையாலேயே அவருக்கு எட்டியது.

முதலில் விலங்குகளிடம் சோதித்த அவர், பின்னர் வாத நோயாளிகளுக்கும், உடலை வில்லாய் வளைக்கும் தனுர்வாத நோயாளிகளுக்கும் கஞ்சாச் சாற்றை அளித்தார். வெறிநாய்க்கடியுற்ற ஒருவர் பிழைக்கவில்லை. ஆயினும் அவருடைய இறுதி நாள்களின் கொடிய வேதனை தணிந்தது. நோயைத் தீர்க்க இயலாதபோதும் வேதனையைத் தணிப்பது மருத்துவரின் கடமையே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இச்செடியின் தீங்கை நம் சட்ட அறிஞர்கள் அறியாதவரல்லர். ஹிஜ்ரி 794இல் (1392) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்), ஹஷீஷின் தடையை நிறுவுவதற்கென்றே தனிநூல் இயற்றினார். பயன் உறுதிப்படுமிடத்து மருந்தாகக் கொள்ளலாம் என்பதற்கும் அவர் இடமளித்தார். 15ஆம் நூற்றாண்டினரான அல்பத்ரீயோ, ஹஷீஷால் வலிப்பு நீங்கப்பெற்ற ஒருவர் பின்னர் அதனைக் கைவிட முடியாமற்போன செய்தியைப் பதிவு செய்துள்ளார். மருந்தின் பயனையும் அதற்குரிய விலையையும் நம் முன்னோர் ஒருங்கே கண்டனர்.

இன்று இவ்வினா நரம்புத்தசை நோயாளரின் படுக்கையருகே மீண்டும் எழுகிறது. இயக்க நரம்பணு நோயால் தசை இறுகி வருந்திய ஏறத்தாழ 60 பேரிடம் இத்தாலியில் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. கஞ்சாச் சாற்றாலான வாய்த்தெளிப்பு மருந்து தசை இறுக்கத்தைக் குறைத்தது என்பதே அம்முடிவு. ஆய்வு சிறியது, அம்மருந்து இறுக்கத்தைத் தளர்த்துவதேயன்றி நோயைக் குணப்படுத்துவதன்று. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்களிக்கிறது.

ஆகவே, பெயரைக் கேட்டதுமே 'ஹராம்' என முகந்திருப்புவதும், 'இயற்கை மூலிகை' எனத் தாமே நாடுவதும் நம் மரபன்று. பயன் உறுதியானதா, போதையற்ற மாற்றுமருந்து உண்டா, அளவை நிர்ணயிப்பவர் தேர்ந்த மருத்துவரா என்னும் மூன்றையும் வினவியே நாம் முடிவுக்கு வருதல் வேண்டும். வலியால் உறக்கமிழந்த நோயாளிக்கு அந்த விசாரணையையேனும் மறுக்காதிருப்போமாக.