மேஸா என்று எழுதாதே

இந்தக் கூட்டங்களை நான் பெரும்பாலும் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, படுக்கையில் கிடந்தபடி பாதித் தூக்கத்தில் கேட்பவள். பேசச் சொன்னபோது, "நான் வரலாறு படித்தவளில்லையே, நர்சிங் டிப்ளமோதானே" என்றேன். உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது எழுத்துப்பிழை. அதில் இருபது வருட அனுபவம் உண்டு.

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஒரு நோயாளியின் குறிப்பேட்டில் வயிற்றுப்போக்குக்கான ஆங்கிலச் சொல்லைத் தப்பாக எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைச் சரியாக எழுதுகிறவர்கள் இந்த ஊரிலேயே குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்தெழுத்தாக வாசித்துச் சிரித்தார். எத்தனை முறை போயிற்று, உடம்பில் எவ்வளவு நீர் இறங்கியிருக்கிறது, என்ன கொடுத்தேன் என்று அதன்கீழ் நான் எழுதியிருந்ததை அவர் பார்த்தாரா என்று தெரியாது. அதே பக்கத்தில் ஒரு மருத்துவரின் குறிப்பும் இருந்தது. மூன்று பேர் கூடிப் பார்த்தும் படிக்க முடியாத கிறுக்கல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வாழ்க்கையை, அவர் இறந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து சூட்டோனியஸ் எழுதினார். பேசுகிறபடியே எழுதவேண்டும் என்பது அகஸ்டஸின் எண்ணம் போலும், எழுத்துகளை மட்டுமல்ல அசைகளையே விட்டுவிடுவார் என்று அதில் சொல்கிறார். கூடவே, தான் கேள்விப்பட்ட இன்னொரு செய்தியையும் வியப்போடு சேர்க்கிறார். உயர்பதவியில் இருந்த ஓர் ஆளுநர் 'இப்ஸி' என்று எழுதவேண்டிய இடத்தில் 'இக்ஸி' என்று எழுதிவிட்டாராம். அதைப் பார்த்த அகஸ்டஸ், படிப்பில்லாத ஆள் என்று சொல்லி அவர் இடத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டாராம். பேரரசர் விட்ட எழுத்து அவருடைய கொள்கை. ஆளுநர் மாற்றிய எழுத்து அவருடைய வேலைக்கு உலை. கதை உண்மையோ இல்லையோ, அந்தக் கிறுக்கலுக்கு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்பது அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பேரரசின் வட எல்லை நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே வின்டொலாண்டா என்ற கோட்டை இருக்கிறது. 1973இல் ராபின் பர்லி என்ற தொல்லியலாளர் அங்கே ஈர மண்ணுக்குள் மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். ஒரு போஸ்ட் கார்டு அளவுதான் இருக்கும். மேலே மையில் எழுத்து. கி.பி. 100ஐ ஒட்டிய கடிதங்கள், கணக்குகள். ஒருவருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறது என்கிறது ஒன்று. நம் அம்மாக்கள் ஊறுகாயும் முறுக்கும் கட்டி அனுப்புகிற மாதிரிதான்.

கோட்டைத் தளபதியின் பெயர் பிளாவியஸ் செரியாலிஸ். அவர் படை இன்றைய நெதர்லாந்துப் பக்கத்து பத்தாவிய மக்களுடையது. இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழியில்லை, என் ஆங்கிலம் மாதிரி வேலைக்காக வந்த மொழி. செரியாலிஸ் பெயரில் உள்ள ஒரு கடிதத்தை, அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியிருக்கிறார். மோசமான பருவநிலையைத் தாங்கிக்கொள்வது பற்றிய வாக்கியம் அது. நடுவில் 'எதியாம்' என்று ஒரு சொல் வருகிறது. 'கூட' என்று பொருள். எழுத்தர் காதில் அது 'எத் ஹியெம்' என்று விழுந்துவிட்டது. அதற்கு 'குளிர்காலமும்' என்று பொருள். எழுதத் தொடங்கி, தப்பு என்று தெரிந்ததும் திருத்தியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு கலங்கியது. போனில் மருத்துவர் மருந்தின் அளவைச் சொல்லும்போது நாங்கள் எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டுவோம். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல விழும். புயல் பற்றிப் பேச்சு வந்தால் காது தானாகவே குளிர்காலத்தை எதிர்பார்க்கிறது. 'ஹ' ஒலி பேச்சில் தேய்ந்துபோயிருந்தது என்பதையும், ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்பதையும் அந்தப் பிழை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. பிழையில்லாமல் எழுதிய வரிகள் செரியாலிஸ் என்ன சொன்னார் என்பதைத்தான் சொல்கின்றன. பிழை அந்த அறையில் அவர் குரல் எப்படிக் கேட்டது என்பதைச் சொல்கிறது.

அவர் மனைவி லெபிடினாவுக்கும் ஒரு கடிதம் உண்டு. தோழி கிளாடியா செவெரா பிறந்தநாளுக்கு வரச்சொல்லி அனுப்பியது. உடல்பகுதி தேர்ந்த எழுத்தரின் கை. கடைசியில் சில வரிகள் மட்டும் செவெராவின் சொந்தக் கை, எழுத்துக் கொஞ்சம் தடுமாறுகிறது. பவுல் அப்போஸ்தலனும் கலாத்தியருக்கு எழுதியதன் முடிவில், தன் கையால் எவ்வளவு பெரிய எழுத்தாய் எழுதினேன் பாருங்கள் என்கிறார். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதற்கு ஏதேதோ விளக்கம் சொன்னார்கள். இது நானேதான் என்று சொல்வதற்கு அந்த அழகில்லாத எழுத்தே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

பிழையைத் திருத்தப் பாடுபட்டவர்களையும் சொல்லவேண்டும். இலத்தீன் இலக்கண நூல் ஒன்றின் கையெழுத்துப் பிரதியோடு 227 சொல்திருத்தங்களின் பட்டியல் ஒன்று சேர்ந்து கிடைத்தது. 'ப்ரோபஸின் பின்னிணைப்பு' என்று பெயர். யார் தொகுத்தார் என்று தெரியாது, எந்த நூற்றாண்டு என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. இப்படி எழுது, அப்படி எழுதாதே என்பதுதான் முழுப் பட்டியலும். நம் ஊர்த் தமிழ் வாத்தியார் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து 'பிழை, திருத்தம்' என்று போடுவாரே, அதேதான். அதில் ஒரு வரி: 'மென்ஸா' என்று எழுது, 'மேஸா' என்று எழுதாதே. சாப்பாட்டு மேசைக்கான சொல்.

அந்த வாத்தியார் தோற்றுப்போனார். மக்கள் மேஸா என்றே சொன்னார்கள், பிறகு அப்படியே எழுதினார்கள். அது ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் சரியான சொல்லாகவே ஆகிவிட்டது. போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்தபோது அந்தச் சொல்லும் கூடவே வந்து இறங்கியது. 'மேசை' என்று நாம் சொல்வது அதைத்தான். யாரோ ஒரு வாத்தியார் அடித்துப் போட்ட பிழையின் மேல்தான் இப்போது என் மடிக்கணினி இருக்கிறது.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், தானும் தன் அக்காவும் மற்றவர்களும் தந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை இருக்கிறது. 1010ஐ ஒட்டியது. அதில் 'கொடுத்தன' என்று இல்லை, 'குடுத்தன' என்றுதான் இருக்கிறது. இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளை 'குடுத்தான்' என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம். நானே போட்டிருக்கிறேன். ராஜராஜனுக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. அவன் கல்லை ஆதாரமாக வைத்து, ஆயிரம் வருடத்துக்கு முன்பே வாயில் 'குடு' என்றுதான் வந்திருக்கிறது என்று பாடம் நடத்துகிறோம்.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் இரண்டு இன்லண்ட் லெட்டர் வரும். 'ழ' அம்மாவுக்கு வராது. மளை பெய்தது, வாளைப்பளம் குலை தள்ளியது, அப்பாவுக்குக் காய்ச்சல் 'வறுகிறது' என்று இருக்கும். யார் கண்ணிலும் படாமல் குளியலறையில் வைத்துப் படிப்பேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஸ்தோத்திரம், கிருபை, இரட்சிப்பு எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் இருக்கும். தினமும் வேதப்புத்தகத்தில் கண்ணால் பார்த்த சொற்கள் அவை. மழையும் வாழையும் காதால் வந்தவை. ஒரே பக்கத்தில் எது படித்து வந்தது, எது பேசி வந்தது என்று பிரித்துவிடலாம்.

இப்போது வாட்ஸ்அப். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'சாப்' என்று பாதியில் நிற்கிறது. அப்புறம் 'கதவு' என்று சம்பந்தமில்லாமல் ஒரு சொல். அப்புறம் உயிரில்லாத மெய்யெழுத்துகள் நாலைந்து. அண்ணன் பார்த்துவிட்டு, கண்ணாடி போடாமல் தட்டியிருப்பாள் என்றான். பாஸ்டனில் மருத்துவர்கள் 2012இல் எழுதிய ஒரு குறிப்பை நான் படித்திருந்தேன். ஒரு கர்ப்பிணியின் போன் செய்திகள் குழறியிருப்பதைக் கணவன் கவனிக்கிறார். பக்கவாதத்துக்கு அதுவும் ஓர் அறிகுறியாக இருந்தது என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் குறிப்பு அப்போது நினைவுக்கே வரவில்லை. இது அம்மாவின் பிழை இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் பிழைகள் எல்லாம் எனக்குத் தெரியும். இது அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவை ஓடச் சொன்னேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிழைத்துக்கொண்டாள். வலதுகை கொஞ்சம் வலு குறைவு. அண்ணன் மகன், பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் போட்டுக் கொடுத்தான். அன்று வந்த செய்தியில் மழை சரியாக இருந்தது, வாழைப்பழம் சரியாக இருந்தது. யாரோ அம்மாவின் போனை எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அன்றிலிருந்து அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதில்லை. கையைப் பார்க்க முடியவில்லை, காதைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரலால் எழுதி அனுப்பும்மா என்று கெஞ்சினேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கும் என்று பல வாரம் மறுத்தாள். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தேன். 'ஸ்தோத்திரம் மக்கா. இங்க நல்ல மளை. எளுத்து தப்பா இருந்தா நீயே திறுத்தி படிச்சிக்க.'

திருத்தாமல் படித்தேன்.