18 நிமிட அப்பம்

கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். வழக்கமாக உப்புகூடச் சேர்ப்பதில்லை. தட்டையாக, மொறுமொறுவென்று, சுவை என்று சொல்ல அதிகம் இல்லாத இந்த அப்பத்துக்கு மாட்சா என்று பெயர். பஸ்கா பண்டிகையின் முதல் இரவில் யூதர்கள் இதை உண்டே ஆகவேண்டும். பண்டிகை முடியும்வரை புளித்த மாவில் செய்த எதையும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. விடுதலையைப் பற்றி யூத மரபு என்ன நினைக்கிறது என்பதை இந்த அப்பம் கடந்து வந்த வழியிலேயே படித்துவிடலாம்.

அதன் பிறப்பு விவிலியத்தின் யாத்திராகமத்தில். யூதர்களின் முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்தபோதே, புறப்படப்போகும் இரவில், சுட்ட இறைச்சியோடும் கசப்பான கீரையோடும் அதை உண்ணக் கட்டளை வருகிறது. பிறகு, புளிக்காத மாவை அள்ளிக்கொண்டு அவசரமாக வெளியேறியவர்கள் வழியில் சுட்டதும் அதையே. அடிமை வாழ்வின் கடைசி உணவும் விடுதலையின் முதல் உணவும் ஒன்றாகிப்போயின.

கி.மு. 419-இல் இந்த அப்பத்தின் பண்டிகையை மறுபடி எகிப்திலேயே காண்கிறோம். நைல் நதித் தீவான எலிஃபண்டைனில் பாரசீகப் படையில் பணியாற்றிய யூதர்களுக்கு, புளிப்பில்லாத நாட்களை எப்படி அனுசரிப்பது என்று சொல்லும் ஒரு கடிதம் வந்தது. அரமேய மொழியில் பாப்பிரஸில் எழுதிய அந்தக் கடிதத்தின் சிதைந்த பகுதி இன்றும் இருக்கிறது. பின்னாளில் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஒவ்வொரு தலைமுறையினரும் தாங்களே எகிப்திலிருந்து வெளியேறியவர்களாகத் தங்களைக் காணவேண்டும் என்று விதித்தது. முன்னோர் பெற்ற விடுதலையைச் சொத்தாக எடுத்துக்கொள்ள இந்த மரபு யாரையும் விடுவதில்லை.

கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட 5 தானியங்களில் மட்டுமே மாட்சா சுடலாம். அரிசிக்கு இடமில்லை. ஊறிய அரிசிமாவு கெட்டுப்போகுமே தவிர, கோதுமையைப்போல் புளிக்காது என்பது மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூதின் தீர்ப்பு. தோசைமாவு பொங்கி வழிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் விதியின் உட்கருத்து ஆழமானது: புளிக்கக்கூடியதைப் புளிக்காமல் காத்தால்தான் அது மாட்சா. தவற வாய்ப்பே இல்லாத மாவுக்கு அந்தத் தகுதி கிடையாது.

அந்தக் காவல் எவ்வளவு கடுமையானது என்பதை மாட்சா சுடும் கூடத்தில் காணலாம். 'ஷ்முரா' மாட்சாவுக்கான கோதுமையை அறுவடையிலிருந்தே ஈரம் படாமல் பாதுகாக்கிறார்கள். தண்ணீரை முதல்நாள் மாலையில் எடுத்து இரவு முழுக்க வைக்கிறார்கள். தண்ணீர் மாவைத் தொட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பிசைந்து, உருட்டித் தேய்த்து, பல்சக்கரத்தால் துளையிட்டு, நீண்ட கழியில் ஏந்தி, அனல் பறக்கும் அடுப்பில் இடுவது வரை எல்லாம் 18 நிமிடத்துக்குள். எகிப்தில் அவசரம் அவர்கள்மேல் விழுந்தது. இங்கே நேரத்தை அவர்களே காக்கிறார்கள்.

இந்த அவசரமே இன்னொருவருக்கு, அடிமைகளை வதைத்த எகிப்திய மன்னன் பார்வோனாக ஆகிவிடவும் கூடும். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி (யூத மதகுரு) இஸ்ரேல் சலான்டரைப் பற்றிய ஒரு கதை உண்டு. மாட்சா சுடுவதை மேற்பார்வையிடப் போன சீடர்கள், எதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும் என்று கேட்டார்களாம். மாவு பிசையும் பெண் ஒரு விதவை, அவளை அதட்டிவிடாதீர்கள் என்றாராம் அவர்.

1838-இல் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஐசக் சிங்கர் மாட்சா இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1859-இல் அது பெரும் சர்ச்சையானது. பிராடி நகரின் ரபி ஷ்லோமோ க்ளூகர் எதிர்த்தார். லிவிவின் ரபி யோசேப் சவுல் நாதன்சன் ஆதரித்தார். இடுக்கில் தங்கும் மாவு புளிக்குமா என்பதோடு வாதம் நிற்கவில்லை. மாட்சா உருட்டிக் கிடைக்கும் கூலியில் பண்டிகைச் செலவைச் சமாளித்த ஏழைப் பெண்களின் கதி என்ன என்று க்ளூகர் கேட்டார். வென்றது இயந்திரம்தான். 1888-இல் சின்சினாட்டியில் மானிஷெவிட்ஸ் ஆலை தொடங்கியது. வட்ட அப்பம் சதுரமானது. விதவையின் கூலியைப் பற்றிய கேள்வியை மட்டும் எந்த இயந்திரமும் தீர்க்கவில்லை.

1944 பஸ்காவில், நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் மாட்சா இல்லை. இருந்த ரொட்டியையும் மறுத்தால் சாவுதான். அங்கிருந்த டச்சு ரபிகள் புளித்த ரொட்டி உண்பதற்கென்றே ஒரு பிரார்த்தனை எழுதினார்கள்: உன் கட்டளையைக் காக்க விரும்புகிறோம், அடிமைத்தனம் தடுக்கிறது, உயிரைக் காக்கும் கட்டளையை இதோ நிறைவேற்றுகிறோம் என்பது அதன் சாரம். எதை உண்பது என்பதைச் சிறைக்காவலன் தீர்மானித்த இடத்திலும், அதை என்ன பொருளோடு உண்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் சோவியத் அரசு மாட்சா சுடுவதைத் தடுத்தது. மேலைநாட்டு யூதர்கள் பஸ்கா இரவில் நடத்தும் செடர் என்ற சடங்கு விருந்தில் வழக்கமான 3 மாட்சாவோடு நான்காவதாக ஒன்றை, சோவியத் யூதர்களை நினைத்து வைக்கத் தொடங்கினார்கள். 1969 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஓராண்டு நிறைவில், வாஷிங்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் யூத ஆர்வலர் ஆர்தர் வாஸ்கோ முன்னின்று 'விடுதலை செடர்' நடத்தினார். யூதர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து சுமார் 800 பேர் கூடினார்கள்.

2024-இல், காஸாவில் பிணைக்கைதிகளாக இருந்தவர்களுக்காகப் பல குடும்பங்கள் செடர் மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டன. அதே பண்டிகையில், புரூக்ளினில் யூதர்கள் தெருவிலேயே செடர் நடத்தி, காஸா மக்களுக்காகவும் இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் தருவதற்கு எதிராகவும் குரல் கொடுத்துக் கைதானார்கள். இந்த இரு தரப்பும் ஒன்றோடொன்று கடுமையாக முரண்படலாம். இரண்டும் கையில் எடுத்தது இதே அப்பம்.

செடரின் தொடக்கத்தில் நடு மாட்சாவை இரண்டாகப் பிட்டு, பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்று அழைக்கிறார்கள். அப்போது கையில் இருப்பது ஏழையின் அப்பம். மிஞ்சியபின் கொடுப்போம் என்று அடிமை மனம் சொல்லும். இருப்பதே இவ்வளவுதான் என்றபோதும் கதவைத் திறப்பவரே விடுதலை பெற்றவர் என்கிறது இந்த மரபு. அதனால் அங்கே விடுதலை ஒருபோதும் பழைய செய்தி ஆவதில்லை. அதை ஆண்டுதோறும் புதிதாகச் சுடவேண்டும், கெடாமல் காக்கவேண்டும். சுடும் கைகளை வதைக்காமலும், மேசைக்கு வரமுடியாதவரை மறக்காமலும் உண்ணவேண்டும்.