பொடி வைத்த கண்ணிகள்

"பொடி வைத்து ஊதுகிறான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், பேச்சுக்குள் ஏதோ சூது வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த வார்த்தை தட்டார் பட்டறையிலிருந்து தெருவுக்குப் போனது. தங்கக் கம்பியின் இரண்டு முனைகளைப் பற்றவைக்கும் உலோகத் தூளுக்குத்தான் எங்களிடம் பொடி என்று பெயர். ஐம்பது வருடம் நான் பார்த்த வேலையே பொடி வைத்து ஊதுவதுதான்.

கோயம்புத்தூர் பெரியகடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாவின் பட்டறை இருந்தது. 1968இல், எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, குமுட்டி அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். தங்கத்தைத் தொடவிடவில்லை. ஒன்றரை வருடம் செம்புதான். செம்பை உருக்கிக் குச்சியாக வார்த்து, தட்டி நீட்டி, கம்பியச்சின் பெரிய ஓட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சிறிய ஓட்டைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு மூன்று ஓட்டை தாண்டியதும் கம்பி விறைத்துவிடும். மறுபடி சுட்டுப் பதமாக்காமல் இழுத்தால் பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். என் இடது புருவத்தில் அதற்கு ஒரு தழும்பு சாட்சி.

இழுத்த கம்பியை இரும்புக் குச்சியில் நெருக்கமாகச் சுற்றி நீளவாக்கில் அறுத்தால் வளையங்கள் உதிரும்; அவைதான் கண்ணிகள். ஒன்றுக்குள் ஒன்று கோத்து வாயை மூடுவதைச் சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். மூடிய வாயைப் பற்றவைப்பதில்தான் தொழில் இருக்கிறது. வெங்காரத்தைத் தண்ணீர்விட்டு இழைத்து அந்த வாயில் ஒரு பொட்டு. அதன்மேல் கடுகில் கால் பங்கு பொடி. பிறகு விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்து அந்த ஒரு புள்ளியில் விழவைக்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது, நாயனக்காரர்கள் செய்வது மாதிரி. சூடு குறைந்தால் பொடி உருண்டையாக நின்றுவிடும். கூடினால் கண்ணியே உருகிவிடும். பொடி அதிகமானாலோ பக்கத்துக் கண்ணிக்கும் ஓடி இரண்டையும் ஒட்டிவிடும். வேலை முடிந்ததும் அப்பா சங்கிலியை உள்ளங்கையில் ஊற்றிப் பார்ப்பார். தண்ணீர் மாதிரிக் குவிய வேண்டும். எங்காவது முழங்கைபோல மடங்கி நின்றால், "இது சங்கிலி இல்லடா தம்பி, குச்சி" என்று திருப்பிப் போடுவார்.

எங்கள் சாதிக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இந்தப் பொடியால் வந்தது. தங்கத்துக்கு முன்னால் உருகினால்தான் அது பற்றவைக்கும். அதனால் அதில் வெள்ளியும் செம்பும் சேர்த்தே ஆக வேண்டும். ஐந்து பவுன் சங்கிலி, 40 கிராம். அதில் இரண்டு கிராம் பொடி, பொடியில் பாதிதான் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 38 கிராமும் சுத்தமான 22 காரட்டாகவே இருந்தாலும், மொத்தமாக உருக்கும்போது இருபத்தொன்றரைதான் வரும். இருபது வருடம் கழித்து உருக்கிப் பார்த்த குடும்பம் "ஆசாரி அடித்துவிட்டான்" என்று சொல்லும். தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழியே உண்டு. அதனால்தான் பொன் கொடுத்த வீட்டுப் பாட்டி, வேலை முடியும்வரை பட்டறைத் திண்ணையில் வெற்றிலை மென்றபடி எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். திருடியவர்கள் எங்களில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாக் குறைவும் திருட்டு இல்லை.

ராஜராஜன் காலத்துக் கணக்கர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நகைகளின் பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எழுதிவைத்திருக்கின்றன. சரடு நீக்கி, அரக்கு உட்பட என்றெல்லாம் பொன்னல்லாததையும் மறைக்காமல் சொல்கின்றன. மாலையின் கொக்கிக்குக் கொக்குவாய் என்றும், அது மாட்டும் வளையத்துக்குப் படுகண் என்றும் பெயர். கொக்கின் அலகைப் பார்த்துப் பெயர் வைத்தவர், என் கணக்கில், கட்டாயம் ஒரு தட்டார்தான்.

அந்தக் கணக்கர்கள் தொழில் தெரிந்தவர்கள். 1963 ஜனவரியில் வந்த சட்டம் வேறு மாதிரி. சீனப் போருக்குப் பிறகு அந்நியச் செலாவணி போதாமல், தங்க மோகத்தைக் குறைக்கிறேன் என்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை போட்டார். நூற்றில் 58 பங்குதான் தங்கம். நிறம் மங்கல், வளைத்தால் வில்மாதிரி நிமிரும். தாலிச் சரடுக்கு அதை யார் வாங்குவார்கள்? பட்டறைகள் மூடிக் கிடந்தன. நாடு முழுக்கத் தட்டார்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். என் பெரியப்பா மில்லில் கூலி வேலைக்குப் போனார். திரும்பிக் குமுட்டி பக்கம் வரவே இல்லை.

1966இல் அந்தத் தடை போனது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது: தட்டாருக்குச் சான்றிதழ் வேண்டும், கட்டித் தங்கம் 100 கிராமுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். பழகும் பையன் சிந்திய பொன்னை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் ஒன்றரை வருடம் செம்பிலேயே கிடந்ததற்கு அதுவும் காரணம். அந்தச் சட்டம் 1990இல்தான் ரத்தானது.

இடையில் கேடியம் வந்தது. 92 பங்கு தங்கத்தில் 8 பங்கு காட்மியம் கலந்த பொடி. ஊதும்போது காட்மியம் புகையாகப் போய்விடும், மாற்று குறையாது. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. அந்த நச்சுப் புகையை முகத்துக்கு நேரே வைத்து ஊதியவர்கள் நாங்கள்.

பிறகு இத்தாலிய இயந்திரங்கள். கம்பியின் நடுவிலேயே பற்றவைப்பை வைத்து இழுத்துவிடுகிறார்கள். இயந்திரம் கோத்த சங்கிலி உலைக்குள் போனால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

என் முதல் செம்புச் சங்கிலி இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஒரு முழம் நீளம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எத்தனை முறை கழுவியும், அதில் ஏழு கண்ணிகள் அசையாது.