நிற்கும்போதா, ஓடும்போதா? விழுப்புரம் சாலையில் இன்ஜின் சூட்டைக் கண்டறிந்த வரலாறு

புதுச்சேரியிலிருந்து மேற்கே ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம், வில்லியனூர் வழியாக விழுப்புரம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் சாலை, 1879இல் போடப்பட்ட ரயில் பாதையை ஒட்டியும் விலகியும் செல்வது. மலையேற்றமோ கொண்டை ஊசி வளைவோ இல்லாத சமதரைச் சாலை. மலைப்பாதைகளில் கார் இன்ஜின் கொதிப்பதற்கு ஏற்றமும் சுமையும் காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியும். மூலக்குளத்தைப் போன்ற ஊர்களிலோ அந்த விடைக்கு இடமில்லாததால், பட்டறைக்காரர் வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் ரயில்வே கேட்டில் நெடுநேரம் நிற்பது, வண்டிக்குள் ஊற்றப்படும் தண்ணீரின் தன்மை, பழுது பார்த்த கைகளின் பழக்கம் ஆகிய மூன்றுமே இவ்வட்டாரத்தில் இன்ஜின் சூடேறியதன் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தவை.

எரிபொருள் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேற, மீதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில், அதாவது காற்றுபட்டு நீர் ஆறும் மெல்லிய குழாய்த் தொகுதியில், கொட்ட வேண்டும். கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போக, ஓட்டுபவர் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருந்தார். வில்ஹெல்ம் மைபாக் 1900இல் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர்தான் கொஞ்சம் நீரைக் கொண்டு பெரும் வெப்பத்தை நீக்கும் வழியைக் காட்டியது. ஃபோர்டின் மாடல் டி காரில் பெரும்பாலானவற்றுக்கு நீரைத் தள்ளும் பம்பு இல்லை. சூடான நீர் மேலே எழும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அது ஓடியது. அக்காலத்தில் நீரின் சூட்டை அறிய, ரேடியேட்டர் மூடியின் மீது பொருத்திய பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வார். நோய்க்குறி வண்டியின் முகப்பிலேயே தெரிந்த காலம் அது.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பின்வந்த முப்பது ஆண்டுகளில் இச்சாலையில் ஓடிய கார்களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் கொண்டுவந்த அம்பாசிடர், பம்பாயின் பிரீமியர் ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய மூன்றே முதன்மையானவை. அம்பாசிடரின் இன்ஜின் கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. அதன் விசிறி, வாட்டர் பம்போடு சேர்ந்து ஃபேன் பெல்ட் என்ற ரப்பர் வாரினால் சுழல்வது. இந்த அமைப்பின் பலவீனம் அதன் எளிமையிலேயே இருந்தது. இன்ஜின் மெல்ல ஓடும்போது விசிறியும் மெல்லச் சுழலும்; வண்டி நின்றுகொண்டிருந்தால் எதிர்காற்றும் கிடைக்காது. மேம்பாலம் வருவதற்கு முன் அரும்பார்த்தபுரம் கேட்டில் ரயிலுக்காகக் காத்திருந்த வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

பட்டறைகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது: வண்டி நிற்கும்போது ஹீட் ஆகிறதா, ஓடும்போது ஹீட் ஆகிறதா? நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. தொய்ந்த பெல்ட், உடைந்த விசிறி இதழ், ரேடியேட்டரின் வெளிமுகத்தில் படிந்த மண்ணும் பூச்சிகளும் சோதிக்கப்படும். வேகமாக ஓடும்போது சூடேறினால் குறை நீரோட்டத்தில் இருக்கிறது. உள்ளே அடைபட்ட குழாய்கள், இதழ் அரித்துப்போன வாட்டர் பம்பு, பம்பு உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும் கீழ் ஓஸ் பைப் ஆகியவற்றைத் தேட வேண்டும். இரண்டு நிலையிலும் சூடேறினால், தண்ணீர்ப் பக்கத்தை விட்டுவிட்டு, தீப்பொறி தாமதமாக விழும் டைமிங் கோளாறையும், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் பார்த்த மெக்கானிக்கே கைதேர்ந்தவர் எனப்பட்டார். கருவிகள் குறைவு, கை மிகுதி. மேல் ஓஸ் கொதிக்க, கீழ் ஓஸ் குளிர்ந்திருந்தால் நீர் சுற்றவில்லை என்று பொருள். ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவும்போது சில இடங்கள் மட்டும் ஆறிக் கிடந்தால் அங்குள்ள குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மண்ணின் நீரே. பிரெஞ்சு ஆட்சி 19ஆம் நூற்றாண்டில் மூலக்குளத்துக்கு அருகிலுள்ள முத்திரையர்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுசென்றதும், அதன் நினைவாக ஆயி மண்டபம் எழுந்ததும் பலர் அறிந்தவை. இன்றும் இவ்வட்டாரம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. குடிக்க ஏற்ற நீர் எல்லாம் இன்ஜினுக்கு ஏற்றதாகிவிடாது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த கடின நீர் சூடாகும்போது, உப்புகள் பிரிந்து மிகச் சூடான இடத்தில்தான் முதலில் படியும்; அந்த இடம் சிலிண்டர் ஹெட்டின் உட்சுவர். இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் அந்தச் சுண்ணாம்புப் படிவு வளர வளர, ரேடியேட்டர் நன்றாக இருந்தும் இன்ஜின் கொதிக்கும். பழி என்னவோ ரேடியேட்டருக்கே வந்து சேரும். போகிற வழியில் கிடைத்த கிணற்று நீரையும் பம்புசெட்டு நீரையும் ஊற்றி ஓட்டிய பழக்கம், பெல்ட் அறுந்ததைவிட அதிக இன்ஜின்களைக் கெடுத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இந்தப் படிவை நம்பியே ஒரு கிளைத்தொழில் வாழ்ந்தது. செம்பும் பித்தளையும் கொண்டு செய்யப்பட்ட பழைய ரேடியேட்டரின் மேல்தொட்டியைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டையான கம்பியை விட்டு உப்பைச் சுரண்டி எடுத்து, மீண்டும் ஈயம் வைத்து மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்து, குமிழி வரும் இடத்தை அடைப்பது அத்தொழிலின் முறை. பட்டறை எட்டாத தொலைவில் ஒழுகினால் ஓட்டுநர்கள் ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூளைக் கொட்டினார்கள். அது ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும். ஓட்டையை அடைத்த மஞ்சள் நல்ல குழாய்களையும் அடைத்ததால், இந்த வைத்தியமே அடுத்த நோயாயிற்று.

இதனினும் கேடான பழக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தது. தெர்மோஸ்டாட் என்பது நீர் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, இன்ஜின் விரைவில் உரிய சூட்டை அடைய உதவும் வால்வு. செர்ஜியஸ் வெர்னே 1930களில் உருவாக்கிய மெழுகுக் குமிழ் முறையில், மெழுகு உருகி விரியும்போது அது திறந்துகொள்ளும். குளிர்நாட்டுக்கான பொருள், வெயில் நாட்டுக்குத் தேவையில்லை என்பது பட்டறைகளில் பரவலாக நிலவிய வாதம். வாதம் பாதி சரி: திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் இன்ஜினைக் கொதிக்க வைப்பது உண்மையே. ஆனால் அதைச் சோதிக்கும் வழி, பாத்திரத்து வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான். கழற்றிவிட்டால் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியாகவே சுற்றி, சூடு முன்னைவிட ஏறும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, இந்த அறிவில் பாதியைப் பழையதாக்கியது. அதன் 796 சிசி இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருந்ததால் விசிறி பெல்ட்டை விட்டு மின்மோட்டாருக்கு மாறியது. சூடு ஏறினால்தான் சுற்றும் விசிறி என்பதால், நிற்கும்போது கொதிக்கும் வண்டியில் ஃபியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், மோட்டார் என்று தேடல் மின்சாரப் பக்கம் திரும்பியது. பின்னாளில் வந்த பல கார்களில் ஏசியைப் போட்டதும் இந்த விசிறி ஓட வேண்டும் என்பதால், மெக்கானிக்கின் முதல் சோதனையே ஏசி பொத்தானாயிற்று. மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். வார்ப்பிரும்பு பொறுத்துக்கொண்ட கொதிப்பில் இது வளைந்து, ஹெட் கேஸ்கெட் கிழிந்து, எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும். ரேடியேட்டரில் ஓயாத குமிழி, வெள்ளைப் புகை, பாலாடை போல் வெளுத்த ஆயில் ஆகியவை அதன் அடையாளங்கள். ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவுவது அதற்கான வைத்தியம். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வந்த புதிய ரேடியேட்டரில் ஈயம் பற்றாது. பழுதானால் மாற்றுவதே வழக்கமானதால் கம்பிவிட்டுச் சுரண்டும் தொழில் தேய்ந்தது.

ரேடியேட்டர் மூடியின் கதையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. இன்றைய மூடி நீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கிறது. வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மடங்கு அழுத்தம் இருந்தால் வெறும் நீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் அந்த அழுத்தம் நிற்காமல், வேறு குறை எதுவும் இல்லாத வண்டியும் கொதிக்கும். சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் உற்பத்தி வரிசையையே வாங்கி வந்து, அதன் வட அமெரிக்கக் கார்களுக்கு மூடிகளை அனுப்பியது. மிகக் குறைந்த விலைப் பொருளான இந்த மூடியைப் பலர் கடைசியில் சோதிப்பது தொழிலின் விநோதங்களுள் ஒன்று. முதலில் சோதிக்க வேண்டியது அதுவே, இன்ஜின் நன்றாக ஆறிய பின்பு மட்டும்.

இப்போது சூட்டை அளப்பது சென்சார், சொல்வது கணினி. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் படிக்கிறார். ஆனால் குறியீடு சூடு மிகுந்தது என்று சொல்லுமே தவிர, அடைப்பா, பம்பா, மூடியா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குப் பழைய கேள்வியே இன்னும் கேட்கப்படுகிறது. அம்பாசிடரில் இருந்த வெப்பமுள் பல புதிய கார்களில் இல்லை; ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அது எரிந்தால் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைப்பதைத் தவிர ஓட்டுநர் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.